பெயரோடு திரும்பிய கோப்புகள்: விண்டோஸ் ஃபைல் ரெகவரி, ஃபோட்டோரெக் மதிப்பீடு

திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை, பள்ளி வினாத்தாள் போன்றவற்றைத் தட்டச்சு செய்து தரும் சிறிய டிடிபி கடை ஒன்றை நடத்துகிறேன். கடைக் கணினியில் எனக்கு ஒன்றும், முன்பு என்னிடம் வேலை பார்த்த பெண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு பயனர் கணக்குகள் இருந்தன. அவர் திருமணமாகி வெளியூர் சென்ற சில மாதங்களுக்குப் பிறகு, இனி அந்தக் கணக்கு எதற்கு என்று எண்ணி, விண்டோஸ் 10-இன் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று நானே அதை நீக்கினேன். கணக்கும் அதிலுள்ள தரவும் சேர்ந்தே நீக்கப்படும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது, படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். தரவு என்பது அவருடைய கடவுச்சொல்லும் திரையின் பின்னணிப் படமும்தான் என்று நினைத்துக்கொண்டது முழுக்க என் பிழை. மூன்றாண்டு வேலை அவருடைய டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் இருந்தது, மூத்த மகளின் அழைப்பிதழை வைத்தே இளைய மகளுக்கும் பெயர் மாற்றித் தரும்படி ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

செட்டிங்ஸ் வழியாகக் கணக்கை நீக்கும்போது, சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறைக்குள் அந்தப் பயனரின் பெயரில் இருப்பது அத்தனையும், டெஸ்க்டாப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் உட்பட, ரீசைக்கிள் பின் பக்கம் போகாமலே அழிந்துவிடுகிறது. பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகச் சென்றிருந்தால், கோப்புகளை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று ஒரு கேள்வி வந்திருக்கும். வைத்துக்கொள்ளச் சொன்னால், மின்னஞ்சல்களும் அமைப்புகளும் போனாலும், டெஸ்க்டாப்பும் ஆவணங்களும் படங்களும் அந்தப் பயனரின் பெயர் கொண்ட ஒரு கோப்புறையாக நம் டெஸ்க்டாப்பிற்கு வந்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு வாசல்கள் இருப்பதும், அவற்றில் ஒன்று மட்டுமே இந்தக் கேள்வியைக் கேட்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மீட்பு மென்பொருளைத் தேடி ஓடுவதற்கு முன், கோப்பு உண்மையிலேயே அழிந்துவிட்டதா என்று பார்த்துவிடுவது நல்லது. உள்ளூர்க் கணக்கை விட்டுப் புதிய மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் தொடங்கியவர்களுக்கு டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியும். ஆனால் பழைய கோப்புறை யூசர்ஸுக்குள் அப்படியே இருக்கும், நிர்வாகி உரிமையோடு திறந்தால் திறக்கும். பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் அடங்கிய சுயவிவரம் சரியாக ஏற்றப்படாமல் விண்டோஸ் தற்காலிகச் சுயவிவரம் ஒன்றைக் காட்டுவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பிறகு பலருக்கு இப்படி நேர்ந்தது. அவர்களுடைய கோப்புகள் பெயர் மாற்றப்பட்ட வேறொரு கோப்புறைக்குள் பத்திரமாகவே இருந்தன. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவின் காப்பு இயக்கத்தில் இருந்திருந்தால் ஆவணங்கள் இணையத்திலும் இருக்கும். என் கடையில் இவை எதற்கும் வழியில்லை. யூசர்ஸைத் திறந்து பார்த்தேன், அந்தப் பெயரே அங்கு இல்லை.

எனக்கு வாய்த்த ஒரே நல்வாய்ப்பு, அது 1 டிபி கொள்ளளவுள்ள பழைய ஹார்டு டிஸ்க். சுழலும் வட்டில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. அந்த இடம் இனி காலி என்று குறித்து வைக்கப்படுகிறது, அவ்வளவுதான், வேறொன்று அங்கு எழுதப்படும் வரை பழையது கிடக்கும். சுழலும் வட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. அழித்த இடங்கள் எவை என்பதை டிரிம் என்னும் கட்டளை மூலம் விண்டோஸ் உடனுக்குடன் டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது. அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்களே கிடைக்கும். இன்று விற்கும் மடிக்கணினிகளில் இருப்பது எஸ்எஸ்டிதான் என்பதால், இந்த மதிப்பீட்டைப் படிப்பவர்களில் பலருக்கு நான் பயன்படுத்திய விண்டோஸ் ஃபைல் ரெகவரி, ஃபோட்டோரெக் ஆகிய இரு மீட்பு மென்பொருள்களும் கைகொடுக்காமல் போகலாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வீட்டுக் கணினியோடு இணைத்தேன். அதே டிஸ்க்கில் மீட்பு மென்பொருளை நிறுவினால், நிறுவும் கோப்புகளே நாம் தேடும் கோப்புகளின்மேல் போய் உட்காரக்கூடும்.

முதலில் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெகவரி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது; விண்டோஸ் 10-இன் 2004 என்று எண்ணிட்ட பதிப்போ (அது ஆண்டு அல்ல) அதற்குப் பிந்தையதோ வேண்டும். பொத்தான்களையும் படங்களையும் எதிர்பார்த்துத் திறந்தால் ஒரு கருப்புத் திரைதான் வரும். எந்த டிரைவிலிருந்து, எந்த டிரைவுக்கு, எந்த முறையில், எந்தக் கோப்புறையை என்று நாமே ஒரு வரியில் கட்டளை எழுத வேண்டும். கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு (\) ஒன்று இட மறந்தால், அதைக் கோப்புறை என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதில்லை. எழுத்துப் பிழையையே தொழிலாகத் திருத்துகிற எனக்கு இந்தச் சாய்கோட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. மீட்ட கோப்புகளை எழுதும் டிரைவு மூல டிரைவிலிருந்து வேறாக இருந்தே ஆக வேண்டும் என்ற விதி கண்டிப்பானதாகத் தோன்றினாலும், அவசரத்தில் இருப்பவரை அது இரண்டாவது தவறிலிருந்து காப்பாற்றுகிறது.

இதில் ரெகுலர், எக்ஸ்டென்சிவ் என்று இரண்டு முறைகள் முதன்மையானவை. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் அமைந்த டிஸ்க்கில் அண்மையில் அழித்த கோப்புகளுக்கு ரெகுலர். அழித்து நாளாகியிருந்தாலோ, ஃபார்மட் செய்திருந்தாலோ, டிஸ்க் பழுதுபட்டிருந்தாலோ எக்ஸ்டென்சிவ். ரெகுலர் முறை, டிஸ்க்கில் உள்ள முதன்மைக் கோப்பு அட்டவணையைப் படிக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அந்த அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. கோப்பை அழித்தாலும் அப்பதிவு, பயன்பாட்டில் இல்லை என்ற குறியோடு, வேறொரு கோப்பு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் வரை நீடிக்கிறது. பெயர், தேதி, எந்தக் கோப்புறைக்குள் இருந்தது, டிஸ்க்கில் எங்கெங்கே துண்டுகளாகக் கிடக்கிறது என்ற விவரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எனவே அந்தப் பெண்ணின் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையை மட்டும் குறிப்பிட்டுக் கேட்க முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 1,300 வேர்டு கோப்புகள் தேதியும் நேரமும் குறித்த ஒரு புதிய கோப்புறைக்குள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஐம்பதுக்கு ஆறேழு திறக்கவில்லை. கணக்கை நீக்கிய பிறகும் அதே கணினியில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களின் விளைவு அது.

மீதியைத் தேட ஃபோட்டோரெக்கைப் பயன்படுத்தினேன். கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய இதுவும் இலவசம், திறந்த மூலம். டெஸ்ட்டிஸ்க் என்னும் துணை மென்பொருளோடு சேர்ந்து வருகிறது. பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் நானூறுக்கும் மேற்பட்ட கோப்பு வகைகளை அறியும். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் படிக்க மட்டுமே செய்கிறது. அட்டவணையை இது நம்பியிருப்பதில்லை. டிஸ்க்கை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாள பைட்டுகளைக் கண்டு கோப்பைப் பிரித்தெடுக்கிறது. அட்டவணை சிதைந்துபோன டிஸ்க்கில்கூட இதனால்தான் வேலை செய்கிறது. ஆனால் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் கோப்பை ஒட்டவைப்பதில் தடுமாறுவதற்கும் காரணம் இதுவே. டிஸ்க்கின் காலி இடத்தில் மட்டும் தேடு என்று சொல்லலாம். கோப்பு வகைகளைக் குறைத்துக்கொள்ளலாம். புதிய வேர்டு கோப்புகள் அந்தப் பட்டியலில் ஜிப் என்ற பெயருக்குள் அடங்கியிருக்கின்றன என்பதை அறியாமல் முதல் முறை ஜிப்பைத் தவிர்த்துவிட்டு ஓரிரவை வீணாக்கினேன். க்யூஃபோட்டோரெக் என்ற சாளர வடிவமும் உண்டு. கருப்புத் திரை பிடிக்காதவர்கள் அதையே திறக்கலாம்.

குறை ஒன்றுதான், ஆனால் என் தொழிலுக்கு அது பெரிய குறை. ஃபோட்டோரெக் கோப்பின் பழைய பெயரைத் திருப்பித் தருவதில்லை. எண்களே பெயர்களாகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள், வரிசை எண் இட்ட கோப்புறைகளுக்குள் குவிகின்றன. 'செல்வி கல்யாணம், திருத்தியது, கடைசி, கடைசி 2' என்ற பெயர்களில்தான் எந்தப் படி அச்சுக்குப் போனது என்ற செய்தி இருந்தது. அந்தப் பெயர் போனபின் நான்கும் ஒன்றுபோலவே தெரிந்தன. உள்ளடக்கத்தைத் தேடலாமென்றால், எங்கள் கடையில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே என்பதால், இன்று பொதுவழக்கில் உள்ள யூனிகோடு தமிழில் 'மணமகன்' என்று தேடினால் ஒன்றும் வராது. பாமினியில் அச்சொல்லுக்கு எந்த விசைகளைத் தட்டுவோமோ அவற்றை ஆங்கிலத்திலேயே தேடல் பெட்டியில் தட்டினேன். பிறருக்கு அர்த்தமற்ற அந்த எழுத்துக் கோவைக்கு அழைப்பிதழ்கள் ஒவ்வொன்றாக வந்தன. இருபதாண்டுகளாக விரல்களில் இருந்த பழக்கம் அன்று உதவியது, வேறொருவர் இதைச் செய்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆகவே, இவ்விரண்டில் எது என்று கேட்டால், முதலில் விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்பேன். எத்தனை கோப்புகள் மீண்டன என்பதைவிட எத்தனை கோப்புகள் பெயரோடும் கோப்புறையோடும் மீண்டன என்பதே கணக்கு நீக்கத்தால் இழந்தவருக்கு முக்கியம், அதைத் தருவது இதுதான். கட்டளை வரியின் கரடுமுரடு ஒரு மாலை நேரத்துச் சிரமம் மட்டுமே. ஃபோட்டோரெக் அதற்கு அடுத்த கட்டம். குறிப்பாக, பெயர் இல்லாவிட்டாலும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும் குடும்பப் படங்களுக்கு மிகப் பொருத்தம். நீக்கிய கணக்கின் பயனர் தன் கோப்புகளை விண்டோஸின் மறையாக்க வசதியால் பூட்டியிருந்தால், இவற்றில் எதனால் மீட்டாலும் கோப்பு திறக்காது, ஏனெனில் திறவுகோல் அழிந்துபோன அந்தச் சுயவிவரத்துக்குள்தான் இருந்தது. கட்டண மென்பொருள்கள் சிலவற்றின் இலவச முன்னோட்டத்தையும் ஓட்டிப் பார்த்தேன். அவை காட்டிய பட்டியலில் நான் ஏற்கெனவே மீட்டவற்றுக்கு மேல் புதிதாக எதுவும் இல்லாததால் பணம் கட்டவில்லை.

இளைய மகளின் அழைப்பிதழ் ரெகுலர் முறையில் வந்த கோப்புகளிலிருந்தே கிடைத்தது. பள்ளி வினாத்தாள்களில் நாற்பது மட்டும் எதிலும் வரவில்லை. அச்சிட்ட தாள்களை ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கி மறுபடியும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.