உகிமட், ஜோஷிமட், முக்பா, கர்சாலி: குளிர்காலத்தில் எந்த ஊருக்குப் போவது?

உத்தராகண்டின் சார்தாம் கோயில்கள் நான்கும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். தீபாவளியை அடுத்து வரும் அன்னகூடத் திருநாளில் கங்கோத்ரி நடை சாத்தப்படும். அதற்கடுத்த யம துவிதியை அன்று கேதார்நாத்தும் யமுனோத்ரியும், நவம்பரில் பத்ரிநாத்தும் சாத்தப்படும். அதன்பின் வசந்தம்வரை பூசை கீழேயுள்ள ஊர்களில்தான்: கேதாருக்கு உகிமட், கங்கோத்ரிக்கு முக்பா, யமுனோத்ரிக்கு கர்சாலி, பத்ரிக்கு பாண்டுகேஷ்வரும் ஜோஷிமட்டும். நான்கையும் ஒரே மூச்சில் முடிக்கும் திட்டம் டிசம்பர் கடைசிக்கு மேல் சரிவராது. ஒரு பனிப்பொழிவு வந்தாலே கணக்கு கலைந்துவிடும். ஒன்றையோ, சேர்த்துப் பார்க்கத்தக்க இரண்டையோ தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

அங்கே எந்த மூர்த்தி இருக்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உகிமட் ஓங்காரேஷ்வர் கோயிலுக்குப் பல்லக்கில் வருவது கேதாரநாதரின் ஐம்முக உற்சவ மூர்த்தி. லிங்கம் மேலேயே இருக்கும். கங்கையும் யமுனையும் உற்சவ மூர்த்திகளாகவே இறங்கி வருகிறார்கள். பத்ரி விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பத்ரி நாராயணர் இறங்குவதில்லை. உத்தவரும் குபேரரும் பாண்டுகேஷ்வருக்கும், ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கும் வரும். ஆனால் திவ்யதேச யாத்திரை செய்பவர்களுக்கு ஜோஷிமட் தனியாகவே முக்கியமானது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுவே என்று கொள்கிறார்கள்.

முதியவர்களோடு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், உகிமட்தான். உயரம் சுமார் 1,300 மீட்டர். ரிஷிகேஷிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ருத்ரபிரயாக், குண்ட் வழியாக அதிகாலையில் கிளம்பினால் பகல் வெளிச்சத்திலேயே சேரலாம். ஊருக்குள் பனி விழுந்தாலும் நெடுநாள் தங்காது. மத்மஹேஷ்வரரும் குளிர்காலத்தில் இதே கோயிலில்தான். மகா சிவராத்திரியன்று கேதார் நடை திறக்கும் நாளை இங்கேதான் அறிவிக்கிறார்கள். அந்தச் சமயத்தில் போவதானால் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

உகிமட்டையும் ஜோஷிமட்டையும் சேர்ப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்து சோப்தா வழியைப் போட்டுவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அந்த மேட்டுச் சாலை பனியில் அடிக்கடி மூடிவிடும். ருத்ரபிரயாகுக்கு இறங்கி, கர்ணபிரயாக், சமோலி வழியாக ஏறுவதாகவே திட்டமிடுங்கள். ஒரு முழுப் பகல் போய்விடும்.

ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். ரிஷிகேஷிலிருந்து 250 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டினால் கடைசி மணி நேரங்கள் இருட்டில் போகும். நடுவில் (காஷ்மீர் அல்ல, கர்வால்) ஸ்ரீநகரிலோ ருத்ரபிரயாகிலோ இரவு தங்குங்கள். 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து ஏராளமான கட்டடங்கள் விரிசல் விட்ட ஊர் இது. விடுதி பிடிக்கும்போது அது எந்தப் பகுதியில் உள்ளது, கட்டடம் பாதுகாப்பானது என்று பார்த்திருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. இங்கிருந்து மேலே ஔலி பனிச்சறுக்கு மலைக்குப் போகும் கம்பிவட வண்டியும் அப்போது நிறுத்தப்பட்டதுதான், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாண்டுகேஷ்வர் இன்னும் இருபது கிலோமீட்டர். காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். அருகருகே நிற்கும் இரண்டு பழைய கற்கோயில்களையும் அவசரப்படாமல் பாருங்கள்.

இனி முக்பா. குளிர்காலத்து இமயக் கிராமம் எப்படி இருக்கும் என்று பார்க்க நான்கில் இதற்கு ஈடில்லை: தேவதாரு மர வீடுகள், எதிரே பாகீரதி, மேலே ஸ்ரீகண்ட் சிகரம். ஆனால் 2,600 மீட்டர் உயரம், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிர். உத்தரகாசியிலிருந்து, முக்பாவுக்கு அருகேயுள்ள ஹர்சில் சுமார் 75 கிலோமீட்டர். கங்னானியைத் தாண்டி சுக்கி டாப் ஏற்றம்தான் இடர். அங்கே ஆளை வீழ்த்துவது புதுப் பனியல்ல. பகலில் உருகி ஓடிய நீர், இரவில் நிழல் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனித்தகடாக உறைந்துவிடும். பிரேக்கை மிதித்தால் வண்டி நேராக வழுக்கும். அதனால் இந்த ஏற்றத்தைக் காலை பத்து முதல் மாலை மூன்றுக்குள் கடந்துவிட வேண்டும். டயர்ச் சங்கிலி வைத்திருக்கும், அதை மாட்டத் தெரிந்த உள்ளூர் ஓட்டுநர் வேண்டும். 2025 ஆகஸ்ட் 5 வெள்ளம் பக்கத்து ஊரான தராலியின் கடைவீதியைச் சேற்றில் புதைத்துவிட்டது. இணையத்தில் இன்னும் காட்டும் தராலி விடுதிகளுக்குப் பணம் கட்டாமல், ஹர்சிலில் அல்லது முக்பா வீட்டுத் தங்கலில் போனில் பேசி உறுதி செய்யுங்கள்.

ஜானகி சட்டிக்கு அருகேயுள்ள கர்சாலியில் யமுனை, தன் சகோதரன் சனி பகவான் கோயில் கொண்ட ஊரிலேயே தங்குகிறாள். குளிரும் பனியும் முக்பா அளவுதான், வசதி அதைவிடக் குறைவு. யமுனையைத் தரிசிக்கவே போகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வோம். டேராடூன், பட்கோட் வழியாக வந்து அதே வழியில் திரும்புங்கள். உத்தரகாசியையும் பட்கோட்டையும் இணைக்கும் ராடி டாப் பனியில் அடைபடும் இடம்.

முக்பாவிலும் கர்சாலியிலும் காலையில் குழாய் உறைந்து, வெயில் ஏறும்வரை தண்ணீர் வராது. முந்தைய மாலையே இரண்டு வாளி பிடித்து அறைக்குள் வையுங்கள். கோயில் முற்றக் கல்லில் ஈரமும் பனியும் இருக்கும். காலுறையோடு நடந்தால் ஐந்து நிமிடத்தில் நனைந்து விரல் மரத்துவிடும். கோயிலுக்கென்று ஒரு ஜோடி, வெளியே வந்ததும் மாற்ற உலர்ந்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, பிளாஸ்டிக் பையில் தனியாக வேண்டும். செல்பேசி பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும். உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை உத்தரகாசியிலோ பட்கோட்டிலோ எடுத்துவிடுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை சாலை பெரும்பாலும் உலர்ந்து, வானம் தெளிந்திருக்கும். நான்கு ஊருக்கும் நல்ல காலம் அதுதான். பனியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஜனவரியில் முக்பா போனால் இரண்டு நாள் உபரியாக வைத்து விமானச் சீட்டு எடுங்கள். உகிமட்டுக்கு ஒரு நாள் உபரி போதும்.