விண்ணுக்கு எந்தப் படிகம்?

உதகை காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் ஏறத்தாழ 400 பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்கள் (துகள் பட்டால் மினுக்கும் பலகைகள்) சரிவில் பரவி நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும் மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "சார், இதையே ராக்கெட்டில் ஏற்றினால் என்ன?"

ஏற்றலாம், பயன் இராது. 2,200 மீட்டர் உயரத்திலும் உதகைக்கு மேலே சதுர சென்டிமீட்டருக்கு 800 கிராம் காற்று இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் துகளைப் பல துகள்களின் பொழிவாக உடைப்பது அந்தக் காற்றுதான். கீழே உள்ள பிளாஸ்டிக் அந்தப் பொழிவை எண்ணுவதோடு சரி. விண்வெளியில் இரண்டு வேலையையும் கலோரிமீட்டரே, அதாவது துகளின் ஆற்றலை அளக்கும் கருவியே, செய்தாக வேண்டும். ஓர் எலக்ட்ரான் தன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழக்கும் தடிமனைக் கதிர்வீச்சு நீளம் என்கிறோம். பிளாஸ்டிக்கில் அது 42 செ.மீ. உதகைக் காற்றுக்கு ஈடாக ஒன்பது மீட்டர் பிளாஸ்டிக் வேண்டியிருக்கும்!

எனவே போட்டி கனமான படிகங்களுக்குள்தான். 2008-இல் ஏவப்பட்ட, காமாக் கதிர் பார்க்கும் ஃபெர்மி விண் தொலைநோக்கி தாலியம் கலந்த சீசியம் அயோடைடை எடுத்துக்கொண்டது. ஒளியை அள்ளித் தரும் படிகம் அது: ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள் ஆற்றலின் அலகு) ஆற்றலுக்கு 50,000 ஃபோட்டான்களுக்கு மேல். ஈரம் மட்டும் ஓரளவு ஆகாது. (அதன் உறவான சோடியம் அயோடைடோ, ஆடிச் சாரலில் திறந்து வைத்த உப்பு டப்பா.) ஃபெர்மியின் படிக அடுக்கு 8.6 கதிர்வீச்சு நீளம் மட்டுமே, ஒரு டெரா எலக்ட்ரான்வோல்ட் (மெகாவைப் போல் பத்து லட்சம் மடங்கு) பொழிவு உச்சம் தொடுமுன்பே படிகம் முடிந்துவிடுகிறது. 1,536 கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருப்பதால், பொழிவின் வடிவத்தைக் கொண்டு தப்பியதைக் கணிக்கிறார்கள். காமாக் கதிருக்கு அது போதும்.

சீனாவின் டாம்பே செயற்கைக்கோள் 2015-இல் பிஸ்மத் ஜெர்மனேட்டுடன் போனது. ஒளி ஆறில் ஒரு பங்குதான். ஆனால் 14 அடுக்குகளில், 35 செ.மீ. தடிமனில், 32 கதிர்வீச்சு நீளம்! அதே ஆண்டு பன்னாட்டு விண்வெளி நிலையம் சேர்ந்த ஜப்பானின் கேலட் கருவி ஈய டங்ஸ்டேட்டைத் தேர்ந்தது. அது இன்னும் அடர்த்தி, ஆனால் ஒளியில் பரம ஏழை. ஒரு டிகிரி சூடேறினால் அந்த ஒளியிலும் 2% குறையும். டெரா அளவில் ஒளிப் பஞ்சம் பொருட்டல்ல, வெப்பநிலைக் கணக்குதான் தலைவலி. அந்தப் படிகம் மினுக்கி அணையும் வேகம் பெரிதாகப் பேசப்படுகிறது. துகள்கள் அரிதாக வரும் இடத்தில் அதனால் பெரிய லாபமில்லை.

ஒரே பரப்புக்கும் ஒரே கதிர்வீச்சு நீளத்துக்கும் கணக்கிட்டால் மூன்றின் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். குட்டையான அடுக்கு சாய்வாக வரும் துகளையும் பிடிக்கும். அடர்த்தியின் லாபம் அதில்தான். டெரா எலக்ட்ரான்களைத் தேடுவதானால் நான் பிஸ்மத் ஜெர்மனேட்டையே கேட்பேன். சில நூறு மெகா அளவில் காமாக் கதிர் பார்ப்பவருக்குச் சீசியம் அயோடைடு.