டெனிஸ் எல்போ: முழங்கையில் ஊசியா, கழுத்தில் கைச்சிகிச்சையா?

டெனிஸ் எல்போ என்பது முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் நோ. டெனிஸ் மட்டையைக் கண்ணாலும் காணாத எங்களுக்கும் இது வருகிறது. களுவாஞ்சிக்குடியில் தையல் தைக்கிற எனக்குக் கத்தரிக்கோல் பிடித்தே வந்தது. மாதக்கணக்காக இழுபட்டபின் நான் தேர்ந்தது, கழுத்துச் சிகிச்சையோடு சேர்ந்த பயிற்சி.

முழங்கைப் பட்டியும் நோ மருந்தும் அன்றைய வேலையை ஓட்ட உதவும், அவ்வளவுதான்.

அழற்சியைத் தணிக்க முழங்கையில் போடும் கொர்ட்டிசோன் ஊசிதான் உண்மையான போட்டி. சீக்கிரம் கேட்கும். ஆனால் நோ திரும்பி வருமா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. கலியாணத் தையல் குவிந்திருக்கும் நேரம் கை மறுபடி விழுந்தால் வாடிக்கை வேறு கடைக்குப் போய்விடும். அவுஸ்திரேலியாவில் 198 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், ஆறாவது கிழமையில் ஊசி போட்டவர்களே முன்னால் நின்றார்கள். அப்படித் தேறியவர்களில் 72 வீதமானோர் பிறகு பின்னடைந்தார்கள். முழங்கைக்குக் கைச்சிகிச்சையும் பயிற்சியும் பெற்றவர்கள் ஒரு வருடத்தில் அவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். சும்மா பொறுத்திருந்தவர்களும் அதற்குள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கழுத்து எதற்கு? மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழங்கையில் நோகிற அந்த இடத்தில்தான் ஒட்டியிருக்கின்றன; அவற்றுக்கான நரம்புகள் கீழ்க்கழுத்திலிருந்துதான் இறங்குகின்றன. மல்லாந்து படுத்திருக்க, இயன்மருத்துவர் கழுத்தை இரு கைகளிலும் ஏந்தி, ஐந்தாம் ஆறாம் முள்ளெலும்புகளின் மட்டத்தில், நோகாத கையின் பக்கமாக மெதுவாகச் சறுக்கி விடுவார். “அக்கா, இப்ப இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க” என்று சுருட்டிய துவாயைத் தந்தார். முன்பு பாதியில் சுள்ளென்ற இடத்தைத் தாண்டிப் பிடிக்க முடிந்தது. இதே கழுத்துச் சிகிச்சையை 15 பேரிடம் செய்து 1996இல் வெளியான ஆய்விலும் நோவில்லாத பிடி உடனேயே கூடியது.

அந்தத் தணிவு நிலைக்காது. அது தருகிற இடைவெளியில் பயிற்சியைச் செய்ய வேண்டும்: முன்கையை மேசையில் வைத்து, சிறு பாரத்தை மணிக்கட்டால் மெல்ல மெல்ல இறக்குவது. நோவோடு பல்லைக் கடித்துச் செய்தபோது நான் பாதியில் விட்ட பயிற்சி இதுதான். கழுத்துச் சிகிச்சைக்குப் பிறகுதான் தொடர முடிந்தது. மெஷின் மேசையையும் உயர்த்தினேன், குனிந்த கழுத்து நிமிர்ந்தது.

எனக்குக் கழுத்தும் இறுகியிருந்தது. கழுத்தில் ஒரு குறையும் இல்லாதவருக்கு இதே பலன் வருமென்று நான் உறுதி தரமாட்டேன். அவர் பயிற்சியோடு மட்டும் தொடங்கலாம்.

சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பதை இதோடு சேர்க்காதீர்கள். வெடுக்கென்ற திருப்பலில் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்த சம்பவங்கள் உண்டு. கை விறைத்தால், பலம் குறைந்தால், தலை சுற்றினால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.