திருவிருந்து: லூத்தர் பக்கமா, ஸ்விங்லி பக்கமா?

லூத்தரன் சபையில் வளர்ந்தவர் பாப்டிஸ்ட் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும்: இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தில் கையில் வாங்குவது கிறிஸ்துவின் சரீரமா, அதன் நினைவா?

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்புர்க் கோட்டையில், லூத்தரன் சபைகளுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரும் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரச் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் (பாப்டிஸ்டுகளின் பார்வை இவருக்கே நெருக்கம்) இதைத்தான் பேசினார்கள். லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால், அப்பத்தைக் கொடுத்து இயேசு சொன்ன "இது என் சரீரம்" என்ற வசனத்தை லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு கடைசிவரை அசையவில்லை. 14 அம்சங்களில் ஒத்துப்போனவர்கள் 15-ஆவதில், இந்த ஒரு புள்ளியில் பிரிந்தார்கள்.

வசனம்
லூத்தர்: சொன்னது சொன்னபடியே.
ஸ்விங்லி: "குறிக்கிறது" என்றே பொருள். ஆதாரம் யோவான் 6:63, "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது".

கிறிஸ்து எங்கே?
லூத்தர்: அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் மெய்யாகவே இருக்கிறார். ஆனால் அப்பம் அப்பமாகவே இருக்கும். அப்பம் சரீரமாகவே மாறிவிடும் என்று கத்தோலிக்கர் சொல்லும் பொருள்மாற்றத்தை அவர் ஏற்கவில்லை.
ஸ்விங்லி: சரீரம் பரலோகத்தில், பிதாவின் வலதுபாரிசத்தில்; அப்பத்தில் அல்ல.

ஸ்விங்லியை "வெறும் நினைவு" என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. சூரிச்சில் 1525 முதல் வெள்ளிப் பாத்திரத்துக்குப் பதில் மரத்தட்டு, மரக்கிண்ணம். உட்கார்ந்த இடத்துக்கே அப்பம் வரும். ஆண்டுக்கு 4 முறைதான், ஆனால் சபை முழுவதும் சேர்ந்து தன் விசுவாசத்தை அறிக்கையிடும் நாள் அது.

சபையின் ஐக்கியமும் சாட்சியும் முக்கியம் என்பவருக்கு ஸ்விங்லியின் வழி பொருந்தும். விசுவாசம் ஆட்டங்காணும் நாளிலும், தன் உணர்வைச் சாராமல் வெளியிலிருந்து கொடுக்கப்படும் ஒன்று வேண்டும் என்பவருக்கு லூத்தர். என் மனம் லூத்தரிடமே நிற்கிறது.