மலையில் பேஸ்கட்பால் ஷூ: சில மழைக்காலம் போட்டுத் தேய்த்த பிறகு

பேஸ்கட்பால் ஷூ பற்றி வருகிற விமர்சனங்களில் முக்கால்வாசி மரத்தரையில் ஓடிப் பார்த்துவிட்டு எழுதியவை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் பள்ளி மைதானத்து சிமெண்டுத் தரைதான். ஓரமெல்லாம் பாசி, மேலே கற்பூர மரத்து இலை, மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் இறங்குகிற மிஸ்ட். இந்தத் தரையில் வேறு வேறு விலையில் சில ஜோடிகளைப் போட்டுத் தேய்த்தாயிற்று. அதை வைத்துச் சொல்கிறேன்: இங்கே ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அடி ரப்பர் கெட்டியாக, ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும் சோல் கடையில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் பல வகை தூசியை இழுத்து ஒட்டிக்கொள்கிறது, இரண்டு தடவை ஓடினாலே கையால் துடைக்க வேண்டியிருக்கிறது. மீன்முள் வடிவத்தில் வெட்டிய பள்ளங்கள் எனக்குச் சரியாக வந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு விளிம்பு தரையைப் பிடித்துக்கொள்ளும். பள்ளம் கொஞ்சம் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால் ஈர மண் உள்ளே அடைந்து கிடக்காது. மரத்தரைக்கென்று செய்த மெல்லிய ரப்பர் சிமெண்டில் சீக்கிரம் போய்விடும். என் ஜோடியில் முதலில் தேய்ந்தது பிவட் பண்ணுகிற, அதாவது ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்புகிற, இடது காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் அளவுக்கு. மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்க, அந்த ஒரு வட்டம் மட்டும் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. ஷூ முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், மேல் துணி கிழிவது இல்லை. ஈரமான பாசி மேல் எந்த ஷூவும் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே ஆட்டத்தை நிறுத்துவது ஒன்றுதான் வழி.

கிரிப்பைப் பற்றி இவ்வளவு பேசுவது என் அனுபவத்தை மட்டும் வைத்து அல்ல. 2015இல் வந்த ஓர் ஆய்வில் பேஸ்கட்பால் ஷூவின் எடை, அடிப்பிடி, வளையும் தன்மை மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஓடவும் குதிக்கவும் திரும்பவும் வைத்துப் பார்த்தார்கள். அதிக வித்தியாசம் காட்டியது அடிப்பிடிதான். அடுத்த வருஷம் வந்த இன்னொன்று இன்னும் சுவாரசியம். போட்டிருப்பது லேசான ஷூ என்று தெரிந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு சதவீதம் அதிகமாகக் குதித்தார்கள், எடை தெரியாமல் போட்டவர்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. ஆக, எடை மனசில்தான் இருக்கிறது! (இதைத் தெரிந்துகொண்ட பிறகும் லேசான ஷூ போட்டால் எனக்கு உற்சாகமாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.) குதிக்க வைக்கும் ஷூ என்று சொல்லி ஏபிஎல் நிறுவனத்தின் ஒரு மாடலை 2010இல் அமெரிக்க பேஸ்கட்பால் லீக்கான என்பிஏ தடை செய்ததே, அந்தத் தடையை விடப் பெரிய விளம்பரம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. கோவையிலிருந்து வருகிற டீம் இங்கே இரண்டாவது குவார்ட்டரிலேயே மூச்சு வாங்குவதற்கும் ஷூ காரணம் இல்லை, குன்னூரின் ஆயிரத்து எண்ணூறு சொச்சம் மீட்டர் உயரம்தான் காரணம்.

ஜூனியர் பையன்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, ஹை நெக் வாங்கினா கால் சுளுக்காதுல்ல?” சுளுக்கும் தம்பி. 1993இல் அமெரிக்காவில் 622 ஆட்டக்காரர்களுக்குக் கணுக்காலை மூடும் ஹை நெக் ஷூவும் தாழ்வான கழுத்து ஷூவுமாகப் பிரித்துக் கொடுத்து இதையே சோதித்தார்கள், சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் செய்து 2001இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், ஏற்கெனவே சுளுக்கு வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று தெரிந்தது. குதிகாலில் காற்றுப் பை வைத்த ஷூக்களுக்கு நாலு மடங்குக்கு மேல். வார்ம் அப் சமயத்தில் ஸ்ட்ரெட்ச் பண்ணாதவர்களுக்கும் ஆபத்து அதிகம். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து நேராக லே-அப் போட (கூடைக்குப் பக்கத்தில் ஓடிப் போய்க் குதித்துப் பந்து போட) ஓடுகிற நம் ஆட்கள் இதைக் கவனிக்கலாம். என் கணுக்காலுக்கு ஹை நெக் ஒரு தைரியம் கொடுத்தது உண்மை, ஆனால் மழையில் நனைந்தால் காய இரண்டு நாள் எடுத்தது. இப்போது தாழ்வானதுதான் போடுகிறேன்.

குஷன் விஷயத்தில் மலைக்குத் தனிக் கணக்கு. நடு சோலில் இருக்கும் ஈவிஏ ஃபோம் குளிரில் இறுகும். கோவைக் கடையில் மெத்தென்று இருந்த அதே ஜோடி, ஜனவரி காலையில் ஊட்டி கோர்ட்டில் இறங்கியதும் பலகை மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் இளகியது. அதனால் ஷூவை வராந்தாவில் விடாமல் வீட்டுக்குள் வைக்கிறேன். அளவு பார்ப்பதிலும் இதே கதை: கீழே வெயிலில் கால் வீங்கியிருக்கும், மேலே வந்தால் சுருங்கும், ஆனால் இங்கே தடி சாக்ஸ் போடுவோம். அந்த சாக்ஸை பையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். முன்பக்கம் அகலமான கால் நம்மில் நிறைய பேருக்கு உண்டு, ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் நீளம்தான் கூடும், அகலப் பிரச்சினை தீராது, குதிகால் வேறு வழுக்கும். அகலமான மாடலாகவே தேட வேண்டும்.

இனி ஈரம். நனைந்த ஷூவின் இன்சோலை உருவித் தனியாக வைத்துவிட்டு உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அது ஊறியதும் மாற்ற வேண்டும். எங்கள் டீம் பையன் ஒருவன் ஹீட்டர் முன்னால் வைத்தான், பசை விட்டு முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. என்னுடையது சூடு படாமலேயே இரண்டாவது மழைக்காலத்தில் விரல் பக்கம் பிரிந்தது, விற்ற கடையில் கேட்டதற்கு “ஈரத்துக்கு வாரண்டி இல்லை சார்” என்று முடித்துவிட்டார்கள். பஜாரில் செருப்பு தைக்கிற அண்ணன் விளிம்பு முழுக்க மெழுகு நூலால் தைத்துக் கொடுத்தார். பசை பிடிக்காததை நூல் பிடித்தது, இன்னொரு மழைக்காலம் ஓடியது. அப்புறம், விலை உயர்ந்ததைப் பெட்டியிலேயே வைத்துப் பாதுகாக்க நினைக்காதீர்கள். பாலியூரித்தேன் நடு சோல் என்றால் காற்றின் ஈரமே அதைச் சிதைக்கும், போடாமல் வைத்தாலும் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும்.

கோர்ட் ஷூவோடு மேட்டிலும் இறக்கத்திலும் வீட்டுக்கு நடக்காதீர்கள், ரோட்டு ஜல்லி சோலின் விளிம்பை முதலில் தின்றுவிடும். நான் வாசலிலேயே செருப்புக்கு மாறிவிடுகிறேன். அடுத்த ஜோடியும் கெட்டி ரப்பர், தாழ்வான கழுத்து, நடுத்தர விலை என்றுதான் வாங்கப் போகிறேன். வெள்ளை மட்டும் வேண்டாம், இந்த மண்ணின் சிவப்பு எந்த சோப்புக்கும் போகவில்லை.