ஸ்குயரல் கேர்ள் தொகுப்பு: ஆறு வருடம் வைத்துப் படித்த பிறகு

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "சிரித்துக்கொண்டே படிக்கிற மாதிரி, வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் சொல்லுங்களேன்." யோசிக்காமல் 'தி அன்பீட்டபிள் ஸ்குயரல் கேர்ள்' என்றேன். சொன்ன கையோடு பழைய எரிச்சலும் வந்துவிட்டது.

கதாசிரியர் ரயன் நார்த் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். மேலே நடக்கும் கதையைப் பற்றி நம் காதோரம் வந்து சொல்வது போல இருக்கும். தொடரின் நகைச்சுவையில் பாதி அங்கேதான். அதைப் போய்ப் பொடி எழுத்தில், வெளிறிய நிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள்! வாங்கிய புதிதில் விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். இப்போது வயது 48, பூதக்கண்ணாடி இல்லாமல் முடியவில்லை. நல்ல நகைச்சுவையை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தால் சிரிப்பு எங்கே வரும்? ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

ஆனால் கதை அருமை. ஸ்குயரல் கேர்ளான டோரீன் கிரீன் நியூயார்க்கில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் மாணவி. அணிலின் பலம், அணிலோடு பேசும் திறமை. ஆனால் அவள் எதிரியை அடித்து வீழ்த்துவதைவிட, அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வெல்வதுதான் அதிகம். வேட்டைக்காரன் கிரேவனை ஆழ்கடல் ராட்சத மிருகங்களின் பக்கம் திருப்பிவிடுகிறாள். பூமியைத் தின்ன வரும் கலாக்டஸுக்குக் கொட்டைகள் நிறைந்த, ஆளில்லாத வேறொரு கோளைக் காட்டுகிறாள். ஓர் இதழில் விரல்களால் பைனரியில், அதாவது 0, 1 மட்டுமே உள்ள எண்முறையில், எண்ணக் கற்றுத்தருகிறார்கள். ஐந்து விரலுக்கு 1, 2, 4, 8, 16. ஒரே கையில் 31 வரை போகலாம். என் மகள் அதை ஒன்பது வயதில் பிடித்துக்கொண்டாள். இன்றும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவள் விரல்கள் மடங்கி நிமிர்வதைப் பார்க்கிறேன். இந்தப் புத்தகத்திடம் நான் எதிர்பார்க்காத பரிசு அது.

வாங்குகிறவர்கள் இதழ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 2015-இல் எட்டு இதழ் வந்தது, அதே வருடம் மறுபடி 1-இலிருந்து தொடங்கி 2019 வரை 50 இதழ். 'இந்த வருடத்தில் இது எங்கள் இரண்டாவது முதல் இதழ்தான்' என்று அட்டையிலேயே கேலி செய்திருப்பார்கள். முதல் பேப்பர்பேக்கில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த அவளுடைய அறிமுகக் கதையும் உண்டு. அதில் பெரிய வில்லன் டாக்டர் டூமையே தோற்கடிப்பாள். அப்புறம், தொடரின் ஓவியர் எரிக்கா ஹென்டர்சன் 31-ஆம் இதழோடு விலகினார், அடுத்து வரைந்தவர் டெரெக் சார்ம். அவர் கோடும் சுத்தம்தான், ஆனால் ஹென்டர்சன் வரைந்த அந்த முயல்பல் சிரிப்புக்கு மனம் ஏங்குகிறது.

சரி, நண்பருக்கு என்ன பதில்? நேற்று ஒரே ஒரு குறிப்போடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிய கையோடு சொல்கிறேன்: அச்சுப்புத்தகம் வாங்க வேண்டாம். டேப்லெட்டில் படியுங்கள், விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகும். என் பிரதிகளை மட்டும் இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன்.