இன்ஸ்டாக்ஸ் மினி 12: விசேஷ நாளுக்கு இல்லைங்க, சும்மா ஒரு நாளுக்கு

சின்னப் பசங்க இருக்கற வீட்டுக்கு ஒரு இன்ஸ்டன்ட் கேமரா, அதாவது எடுத்த கையோட போட்டோவ வெளிய தள்ற கேமரா, வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். எங்க வீட்ல இருக்கறது ஃபியூஜிஃபிலிம் கம்பெனியோட இன்ஸ்டாக்ஸ் மினி 12, 2023ல வந்த மாடல். நல்லா புழங்கினதுக்கு அப்புறம் தான் எழுதறேன், பெட்டியப் பிரிச்ச கையோட எழுதற ரிவ்யூ இல்ல. நான் சொல்ல வர்றது இது தான்: நெறைய பேரு இத பொறந்தநாளு, ஃபங்ஷன், டூருன்னு பெரிய நாளுங்களுக்காக வாங்கறாங்க, ஆனா இந்தக் கேமராவோட அருமை தெரியறது அங்க இல்ல. வீட்டுக்குள்ள, ஜன்னல் பக்கத்துல, ஒன்னுமே விசேஷம் இல்லாத ஒரு நாளுல தான் தெரியுது.

மொதல்ல கேமராவப் பத்தி கொஞ்சம். லென்ஸப் புடிச்சு ஒரு திருகு திருகினா ஆன் ஆகும், இன்னொரு திருகு திருகினா க்ளோசப் மோடு, அப்புறம் ஒரு ஷட்டர் பட்டன், அவ்ளோ தான். வெளிச்சத்த அதுவே பாத்து ஷட்டர் ஸ்பீட, அதாவது ஷட்டர் தொறந்திருக்கற நேரத்த, அரை செகண்டுல இருந்து 1/250 செகண்ட் வரைக்கும் வச்சுக்கும், நாம எதையும் மாத்த வேண்டியதும் இல்ல, மாத்தவும் முடியாது. ஃபிளாஷ் ஒவ்வொரு தடவையும் அடிக்கும், ஆஃப் பண்ண வழி கெடையாது. ரெண்டு ஏஏ பேட்டரில சுமாரா 100 போட்டோ வரும்னு கம்பெனி சொல்லுது. அஞ்சு நிமிஷம் தொடாம விட்டா தானா ஆஃப் ஆயிடும், பசங்க ஆன் பண்ணிட்டு அப்படியே போட்டுட்டுப் போற வீட்ல இது எவ்ளோ ஒசத்தின்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஒரு ஃபிலிம் பேக்ல 10 ஷீட். இந்தப் பத்துங்கற நம்பர் தான் எங்க வீட்ல எல்லாத்தையும் மாத்துச்சு. ஃபோன்ல எடுக்கறப்போ ஒரே போஸ இருபது தடவ எடுப்போம், எது நல்லா இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சிருப்போம், அந்த அப்புறம் வர்றதே இல்ல. இதுல ஒன்னு எடுத்தா ஒன்னு கொறையும், பின்னாடி கவுண்டர்ல நம்பர் எறங்கறது எங்க பெரிய பொண்ணுக்கும் தெரியும், அதனால எடுக்கறதுக்கு முன்னாடி "இது வேணுமாம்மா?"ன்னு கேக்கற பழக்கம் வந்துச்சு. அப்படி யோசிச்சு எடுத்ததெல்லாம் என்னன்னு பாத்தா, ஆச்சரியமா, பெரிய விஷயம் எதுவுமே இல்ல. சட்டைய உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி தானே போட்டுட்டு வந்து நின்னது ஒன்னு, மடிக்காம கெடந்த துணிக் குவியல் நடுவுல உக்காந்து துண்டத் தலைல போட்டுட்டு சிரிச்சது ஒன்னு, சின்னவன் நாற்காலிக் காலப் புடிச்சிட்டு மொத மொதல்ல எழுந்து நின்னது ஒன்னு. இன்னொன்னுல எங்க வீட்டுக்காரர் வாசல்ல குனிஞ்சு அவளுக்கு ஷூ லேஸ் கட்டறாரு, அவ அவரு தலை மேல ஒரு கைய ஊனிட்டு வேற எங்கயோ பாத்துட்டு நிக்கறா. தெனமும் நடக்கறது தான், ஃபோன்ல இதெல்லாம் எடுத்திருக்கவே மாட்டோம்.

போட்டோ வெளிய வர்றப்போ பாக்கணும். அந்த அகலமான வெள்ள பார்டருக்குள்ள ஒரு கெமிக்கல் பை இருக்கு, ஷீட்டு வெளிய வர்ற வழியில ரோலர் அத நசுக்கி படம் முழுக்க பரப்பி விடும். கைல வாங்கறப்போ ஒன்னுமே இருக்காது, வெறும் வெளிறிப் போன கட்டம். கொஞ்ச நேரத்துல முடியும் கண்ணும் மாதிரி கருப்பா இருக்கறது மொதல்ல லேசா தெரியும், அப்புறம் சட்டைக் கலரு, கடைசியா தான் மொகம் மொகமா ஆகும். மொத்தமா ஒரு 90 செகண்ட் மாதிரி ஆகும். பெரியவ அத மேஜை மேல வச்சிட்டு மூக்கு தொடற அளவுக்குக் குனிஞ்சு பாப்பா, "வருது வருது, என் காது வந்திருச்சு"ன்னு கத்துவா, சின்னவனுக்கு ஒன்னும் புரியலன்னாலும் கூட சேந்து கத்துவான். ஆட்ட வேண்டாம்ங்க, நெறைய பேரு படத்த விசிறி மாதிரி ஆட்டறாங்க, அதனால சீக்கிரம் எல்லாம் வராது, அமுக்கறதும் மடக்கறதும் கூடாது, சும்மா தட்டையா வச்சாலே போதும்.

இந்த இன்ஸ்டன்ட் போட்டோங்கற சமாச்சாரமே ஒரு கொழந்தையோட கேள்வியில இருந்து வந்ததாம். 1943ல எட்வின் லேண்ட் குடும்பத்தோட லீவுக்குப் போன எடத்துல மூனு வயசு பொண்ண போட்டோ எடுத்திருக்காரு, அவ "ஏன் இப்பவே பாக்க முடியாது?"ன்னு கேட்டிருக்கா, அந்தக் கேள்வியப் புடிச்சிட்டே போய் அவரு செஞ்ச போலராய்ட் கேமரா 1948ல கடைக்கு வந்துச்சு. இன்ஸ்டாக்ஸ் வந்தது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி, 1998ல. என் பொண்ணு மேஜை மேல குனிஞ்சு நிக்கறதப் பாக்கறப்போ அந்தக் கேள்வி எவ்ளோ நியாயம்னு தோணும்.

அடுத்தது அம்மாக்களுக்கு. நம்ம வீட்டு போட்டோவுல நாம இருக்க மாட்டோம், ஏன்னா எடுக்கறதே நாம தான். இந்தக் கேமராவ பெரியவ கைல குடுக்கலாம், பட்டன் ஒன்னு தானே, மெனு கெடையாது, டச் ஸ்கிரீன் கெடையாது, எதையாவது அழிச்சிருவாளோன்னு பயம் கெடையாது. ஒரு நாலஞ்சு வயசு ஆச்சுன்னா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா எடுத்திருவாங்க. ஆரம்பத்துல வியூஃபைண்டர்ல பாக்கறதுக்கு ரெண்டு கண்ணையும் சேத்து மூடுவாங்க, ஒரு கண்ண உள்ளங்கைல பொத்திக்கச் சொன்னா சரியாயிடும். முன்பக்கம் வெரல் லென்ஸையோ ஃபிளாஷையோ அதுக்குப் பக்கத்துல இருக்கற சின்ன சென்சாரையோ மறைக்காம இருக்கணும், கேமரா ஸ்ட்ராப்பக் கைல மாட்டிக்கணும், இத மட்டும் பழக்கினா போதும். அவ எடுக்கற படம் எல்லாமே அவ ஒசரத்துல இருந்து தான் இருக்கும், என் தாடையும் மேல ஓடற ஃபேனும், பாட்டியோட முட்டியும் மடியும், சின்னவன் மட்டும் நேருக்கு நேரா. அவ கண்ணுக்கு நாங்க எப்படித் தெரியறோம்னு காட்டற படம் வேற எங்க கெடைக்கும், எனக்கு இந்தப் படங்க தான் மத்த எல்லாத்தையும் விட ஒசத்தி.

கைக்கொழந்தை இருந்தா க்ளோசப் மோட அவசியம் பழகிக்குங்க. 30ல இருந்து 50 சென்டிமீட்டர் தூரத்துல நின்னு எடுக்கணும், அந்த மோடுல வியூஃபைண்டரும் அதுக்கு ஏத்த மாதிரி நகந்து குடுக்குது, அதனால நடுவுல வச்சது நடுவுலயே வருது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற எடத்துல சின்னவனோட பாதத்த எடுத்து வச்சிருக்கோம், அக்கா கட்டை வெரல அவன் இறுக்கிப் புடிச்சிட்டு இருக்கறதையும் எடுத்து வச்சிருக்கோம், படமே 62க்கு 46 மில்லிமீட்டர் தான், அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள அந்தக் கை அவ்ளோ அழகா உக்காந்திருக்கு. தூங்கற கொழந்தைய மட்டும் எடுக்காதீங்க, ஃபிளாஷ நிறுத்த முடியாதுல்ல, வெளிச்சத்துல எழுந்துட்டா அப்புறம் அந்த நாள் முழுக்க உங்க கைல தான்.

சரி, விசேஷத்துக்கு ஏன் வேணாங்கறேன்னா, காரணம் எல்லாம் கேமராவோட அமைப்புலயே இருக்கு. ஃபிளாஷ் எட்டறது 2.2 மீட்டர் வரைக்கும் தான். ஹால்ல இருவது பேர நிக்க வச்சு எல்லாரும் ஃபிரேம்ல வரணும்னு தள்ளிப் போய் நின்னீங்கன்னா வெளிச்சம் போய்ச் சேராது, சேந்தாலும் அந்தச் சின்னப் படத்துல மொகமெல்லாம் மிளகு சைசுல தான் வரும். மெழுகுவத்தி ஊதற நேரத்துக்கும் சரிப்படாது, அந்த மஞ்ச வெளிச்சத்த எல்லாம் ஃபிளாஷ் அடிச்சுத் தின்னுடும், கொழந்தை ஊதினதுக்கப்புறம் இன்னொன்னு எடுக்கலாம்னா ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக ஏழு செகண்ட் வரைக்கும் ஆகலாம். ஓடற புள்ளைய வீட்டுக்குள்ள எடுத்தா கலங்கிடும், வெளிச்சம் கொறஞ்சா ஷட்டர் மெதுவாகுமே. டைமரும் கெடையாது, அதனால எல்லாரும் சேந்து நிக்கற குடும்பப் படத்துக்கு இன்னொரு ஆளு வேணும், இல்ல லென்ஸ் பக்கத்துல இருக்கற செல்ஃபி கண்ணாடியப் பாத்து கைய நீட்டி எடுத்துக்கணும். மூனு பேருக்கு மேல செல்ஃபில அடங்கறது கஷ்டம்.

பொறந்தநாள்ல நாங்க இத ஒன்னே ஒன்னுக்குத் தான் எடுப்போம். வந்த பசங்கள ஒவ்வொருத்தரா, இல்ல ரெண்டு ரெண்டு பேரா, பொண்ணு பக்கத்துல நிக்க வச்சு ஒரு மீட்டர் தள்ளி நின்னு எடுத்து அந்தப் படத்த அவங்க கையிலயே குடுத்து அனுப்பறது. அதுக்கு இத விட்டா வேற பொருளே இல்லைன்னு அடிச்சு சொல்லுவேன். குடுத்த பரிசு எல்லாம் மறந்து போயிட்டு அந்தச் சின்ன அட்டையக் கையில வச்சிட்டே வீட்டுக்குப் போற பசங்களப் பாத்திருக்கேன்.

வெளிய போறப்போ வெளிச்சத்தப் பாத்து எடுக்கணும். உச்சி வெயில்ல, அதுவும் மணலு தண்ணின்னு வெளிச்சம் திருப்பி அடிக்கற எடத்துல, படம் வெளுத்துப் போக வாய்ப்பு ஜாஸ்தி, ஃபிலிம் ஐஎஸ்ஓ 800, அதாவது கொஞ்ச வெளிச்சத்தையே சட்டுன்னு புடிச்சுக்கற ஃபிலிம், ஷட்டரும் 1/250க்கு மேல போகாது. மரத்து நெழலுக்குள்ள கூட்டிட்டுப் போய் எடுங்க, இல்ல காலையிலயோ சாயந்திரமோ எடுங்க. மலைய எடுக்காதீங்க, கடல எடுக்காதீங்க, அதெல்லாம் ஃபோனுக்கு விட்டுடுங்க. ஊஞ்சல்ல இருந்து எறங்கி மூச்சு வாங்க நிக்கற புள்ள மொகத்த எடுங்க, அது நிக்கும். மிருகக்காட்சி சாலை, அக்வேரியம் மாதிரி ஃபிளாஷ் அடிக்கக் கூடாதுங்கற எடத்துல இத பைய விட்டு எடுக்கவே எடுக்காதீங்க, கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறத எடுத்தாலும் ஃபிளாஷ் தான் தெரியும். குளிரான எடத்துக்குப் போனா வெளிய வந்த படத்த உடனே ஸ்வெட்டருக்கு உள்பக்கம் மடங்காம வச்சுக்குங்க, 5 டிகிரிக்குக் கீழ போனா கலர் சரியா ஏறாது.

பசங்க கைல படம் போறதால ஒன்னு கண்டிப்பா சொல்லணும். அதக் கத்தரிக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது. உள்ள இருக்கறது காரமான கெமிக்கல் பேஸ்ட், தோல்ல பட்டா உடனே நெறைய தண்ணி விட்டுக் கழுவணும். சின்னவன் எல்லாத்தையும் வாய்க்குத் தான் கொண்டு போறான், அதனால புதுப் படம் எதுவும் அவன் எட்டற எடத்துல இருக்காது.

நெகட்டிவ் கெடையாது, ஒரு படம்னா ஒரே ஒரு படம் தான். ரெண்டு பாட்டியும் ஒரே படத்தக் கேட்டா சங்கடம், அதனால வந்த அன்னைக்கே நெழல்ல வச்சு ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கறது நல்லது. கீழ இருக்கற வெள்ளப் பட்டைல தேதியும் ரெண்டு வார்த்தையும் எழுதி வைங்க, பால் பேனா அந்த வழவழப்புல நிக்காது, பெர்மனென்ட் மார்க்கர் தான் சரி. பிரேம் போட்டு வெயில் படற சொவத்துல மாட்டாதீங்க, வெளிறிடும். மொத்த ஷீட்டும் 86க்கு 54 மில்லிமீட்டர், ஏடிஎம் கார்டு சைசு தான், பர்ஸ்ல கார்டு வைக்கற எடத்துலயே போயிடும். எங்க வீட்டுக்காரர் பர்ஸ்ல அந்தத் துணிக் குவியல் படம் தான் இருக்கு.

ஃபோன்லயே நல்ல நல்ல படமா நெறைய இருக்கு, அதுல பிடிச்சத மட்டும் பிரிண்ட் போட்டா போதும்னு நெனைக்கறவங்க கேமராவ விட்டுட்டு இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் பிரிண்டர் வாங்கலாம், அதே மினி ஃபிலிம் தான் அதுலயும். பாத்துட்டுப் பிரிண்ட் போடணும், கேமராவும் வேணும்னா மினி ஈவோ இருக்கு. எனக்கு என்னமோ பாக்காம எடுத்துக் காத்திருக்கறது தான் புடிச்சிருக்கு, பசங்களும் அதுக்குத் தான் ஓடி வர்றாங்க.

ஃபிலிம் வாங்கறப்போ மினின்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஸ்கொயர், வைடுங்கற மத்த சைசு ஃபிலிம் இதுல போகாது. பெட்டில இருக்கற எக்ஸ்பயரி தேதியும் பாருங்க. கார்ல வெயில்ல விட்டுட்டுப் போகாதீங்க, பேக் தீராம பின்பக்க மூடியத் தொறக்காதீங்க, தொறந்தா மிச்ச ஷீட்டுல வெளிச்சம் பட்டுடும். விமானத்துல போறீங்கன்னா ஃபிலிம செக்கின் லக்கேஜ்ல போடாம கைப்பையில வச்சு, எக்ஸ்ரேல விடாம கையால செக் பண்ணச் சொல்லிக் கேட்டுப் பாருங்க.